‘நெட் வரல அண்ணா’: பரபரப்பான குழுவில் புதியவருக்குப் பதில் கிடைக்க என்ன செய்யலாம்

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. சரி, விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப் உள்ள லேப்டாப்பை அநேகமாக ஏற்பதே இல்லை. நன்றாக ஓடுகிற எந்திரத்தைத் தூக்கிப் போட மனசு வராதவர்கள் லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளத்தின் பக்கம் வந்தார்கள். அதில் ஒரு கூட்டம் எங்கள் டெலிகிராம் குழுவுக்கும் வந்தது. அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்ததைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டியவர்களும் அதில் உண்டு.

நான் கோத்தகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அந்தக் குழுவின் அட்மின்களில் ஒருத்தி. (பாதிப் பேர் என்னை ‘அண்ணா’ என்கிறார்கள், மீதிப் பேர் ‘சார்’. திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.) ஊட்டி, குன்னூர், கூடலூர் ஆட்கள் கொஞ்சம், மற்றபடி தமிழ்நாடு முழுக்க இருந்து ஆட்கள். மெசேஜ் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் ஒருவர் கேட்டதற்கு யாராவது பதில் சொல்லி முடிப்பதற்குள் அது மேலே போய்விடும். மதியம் இன்னொருவர் அதையே கேட்பார். சாயங்காலம் பழைய உறுப்பினர் ஒருவர் ‘தேடிப் பார்த்துட்டுக் கேளுங்க’ என்று எரிந்து விழுவார்.

இப்படிப்பட்ட குழு ஒன்றை நீங்களும் நடத்துகிறீர்கள், அல்லது அதில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்காக. லினக்ஸ்தான் என்றில்லை, மொபைல் சர்வீஸ், சோலார், ஆர்டுயினோ, எதுவானாலும் கூட்டம் சேர்ந்துவிட்டால் நிலைமை இதுதான்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். புதியவர் தேடுவதில்லை என்று நினைப்பது தப்பு. அவர் தேடுகிறார், தனக்குத் தெரிந்த சொல்லை வைத்துத் தேடுகிறார். நம் பதில் வேறு சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் சந்திக்க வைப்பதுதான் வேலையில் முக்கால்வாசி.

கேள்வியை அப்படியே பொறுக்குங்கள்

கடந்த இரண்டு வாரத்து உரையாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் ஓடும் டெலிகிராமில் உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது, அதைக் கோப்பாக எடுத்துக்கொண்டால் நிதானமாகப் படிக்கலாம். ஒரு ஷீட்டில் மூன்று பத்தி (நெடுவரிசை) போடுங்கள். முதல் பத்தியில் கேள்வி, எழுத்துப் பிழையோடு, தங்கிலீஷோடு, ‘ப்ளீஸ் அண்ணா’வோடு, அப்படியே. இரண்டாவதில் கடைசியில் அது என்ன பிரச்சினையாக இருந்தது. மூன்றாவதில் நல்ல பதில் எங்கே இருக்கிறது, அல்லது இல்லவே இல்லையா.

முதல் பத்தியைத் திருத்தி எழுத உங்கள் கை பரபரக்கும். எழுதாதீர்கள். எங்கள் ஷீட்டிலிருந்து சில வரிகள்: ‘நெட் வரல அண்ணா’. ‘வைஃபை சிம்பலே காணோம்’. ‘மின்ட் போட்ட அப்புறம் ஃபோன் ஹாட்ஸ்பாட் காட்ட மாட்டேங்குது’. ‘ஆன்லைன் வகுப்பு இருக்கு, அவசரம், கனெக்ட் ஆகல’. நாலும் ஒரே விஷயம்: பழைய லேப்டாப்பில் இருக்கும் பிராட்காம் நிறுவன வைஃபை சிப்புக்கு டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) போடவில்லை. குழுவில் இதற்கு அருமையான பதில் ஏற்கெனவே இருந்தது. அதன் தலைப்பு ‘பிராட்காம் எஸ்டிஏ டிரைவர் நிறுவுதல்’. பிராட்காம் என்று தேடத் தெரிந்தவர் நம்மிடம் எதற்கு வரப் போகிறார்?

இன்னொன்றும் அடிக்கடி வரும். ஊராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், ‘ஃபைல்ல வைரஸ் வந்திருச்சு, எல்லா எழுத்தும் மாறிப் போச்சு’ என்று எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொன்னால், பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தது. வைரஸ் எல்லாம் ஒன்றுமில்லை. எல்லா எந்திரத்திலும் ஒரே மாதிரி தெரிகிற யூனிகோடுக்கு முந்தைய வானவில், பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்த கோப்பு; அந்த எழுத்துரு புது சிஸ்டத்தில் இல்லை, அவ்வளவுதான். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது என்றாலும், அதற்கு முன் அடித்த கோப்புகள் அலுவலகங்களில் மலை மாதிரிக் கிடக்கின்றன. இதற்கான பதிலை ‘என்கோடிங் மாற்றம்’ என்ற தலைப்பில் வைத்தால் அவர் கண்ணில் படவே படாது. ‘தமிழ் ஃபைல் திறந்தால் ஆங்கில எழுத்தாக வருகிறது, வைரஸா?’ என்று வைத்தால் படும்.

இரண்டு வாரத்துக் கேள்விகளைப் பொறுக்கியதும் ஒன்று தெரியவரும்: திரும்பத் திரும்ப வருவது ஏழெட்டு விஷயம்தான். எங்களுக்கு அவை நெட், தமிழ் தட்டச்சு, அப்டேட் பாதியில் நிற்பது, இன்ஸ்டால் செய்த பிறகு விண்டோஸ் காணாமல் போவது, பழைய தமிழ் கோப்பு, பிரிண்டர், பழைய எந்திரத்தில் மின்ட் பூட் ஆகவே மாட்டேன் என்பது. கடைசியில் சொன்னதற்குப் பல நேரம் காரணம் 32 பிட் சிப். 2020இல் வந்த மின்ட் 20 முதல் 64 பிட் சிப்பில் மட்டும்தான் ஓடும். இந்த ஏழெட்டை முடித்தாலே மூச்சுவிட இடம் கிடைக்கும். நூறு கேள்விக்குப் பதில் எழுதுகிறேன் என்று உட்காராதீர்கள். எழுதி முடிக்கவும் மாட்டீர்கள், எழுதியதை யாரும் படிக்கவும் மாட்டார்கள்.

ஃபோனில் படிப்பார் என்று வைத்து எழுதுங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நன்றாக விஷயம் தெரிந்தவர்களே இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

உதவி கேட்பவரின் லேப்டாப் அந்த நேரத்தில் வேலை செய்யவில்லை. கையில் இருப்பது ஃபோன் மட்டும். கீழ்கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கம் சில இடங்களில் டவர் ஒரு கோடுதான் காட்டும். மழையில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விடும். அவருக்கு 18 நிமிட வீடியோ லிங்க்கை அனுப்பினால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். எழுத்தாக எழுதுங்கள். ஒரு ஃபோன் திரையில், மிஞ்சினால் இரண்டு திரையில் முடியட்டும். வீடியோ, படம் எல்லாம் அடியில், விருப்பமிருந்தால் பார்க்க.

எங்கள் குழுவில் இப்போது இருக்கும் நெட் பதில் ஏறக்குறைய இப்படிப் போகும்:

‘நெட் வரல, வைஃபை சிம்பல் இல்ல, ஹாட்ஸ்பாட் காட்டல. மின்ட் 21, 22க்கு. முதலில் லேப்டாப் ஓரத்தில் வைஃபைக்கென்று தள்ளும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மாடல் சிலவற்றில் இருக்கும். இல்லையென்றால் ஃபோனை யூஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் செருகுங்கள். சார்ஜ் மட்டும் ஏறுகிற கேபிள் உதவாது, ஃபோட்டோ ஏற்றுகிற கேபிள் வேண்டும். ஃபோன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் இருக்கும் பக்கத்திலேயே யூஎஸ்பி டெதரிங் இருக்கும்; கேபிளைச் செருகிய பிறகுதான் அதை ஆன் செய்ய விடும். ஆன் செய்ததும் லேப்டாப்பில் நெட் வந்துவிடும். இனி மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்து, பாஸ்வேர்ட் கொடுத்து, பிராட்காம் என்று வரும் இடத்தில் ரெகமண்டட் என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுத்து அப்ளை கொடுங்கள். நடுவில் புதிதாக ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொன்னால் வைத்து, பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட். அப்போது நீலத் திரை வந்தால் பயப்பட வேண்டாம்; என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து, பேப்பரில் எழுதிய பாஸ்வேர்டைக் கொடுங்கள். டிரைவர் மேனேஜர் எதுவுமே காட்டவில்லை என்றால் லேப்டாப் மாடலைக் குழுவில் எழுதுங்கள், பார்ப்போம்.’

இதில் முதல் வரி மூன்று விதமாக ஒரே விஷயத்தைச் சொல்வது வேண்டுமென்றே. ஷீட்டின் முதல் பத்தியிலிருந்து எடுத்தவை அவை. டெலிகிராமில் ‘வைஃபை’ என்று தேடினால் ‘வைபை’ என்று எழுதியது வராது. ஆங்கிலத்தில் தட்டித் தேடுகிறவருக்கு இரண்டுமே வராது. அதனால் பதிலின் அடியில், மக்கள் எழுதுகிற மாதிரியெல்லாம் அந்தச் சொல்லை ஒரு வரியில் போட்டு வைக்கிறோம். பார்க்க அழகாக இருக்காது. பரவாயில்லை.

நீலத் திரை பற்றிய வரிக்கும் காரணம் உண்டு. செக்யூர் பூட் (அனுமதியில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் பாதுகாப்பு) ஆனில் இருக்கும் எந்திரத்தில் இந்த டிரைவரைப் போட்டால், அடுத்த தடவை ஆன் ஆகும்போது அனுமதி கேட்டு அந்தத் திரை வரும். விண்டோஸில் நீலத் திரையைப் பார்த்துப் பழகியவர் ‘போச்சு, லேப்டாப் போச்சு’ என்று ஆஃப் செய்துவிடுவார், அல்லது கன்டினியூ பூட் கொடுத்துத் தாண்டிவிடுவார். டிரைவர் வேலை செய்யாது. குழுவுக்குத் திரும்பி வந்து, நீங்கள் சொன்னபடி செய்தேன், ஒன்றும் ஆகவில்லை என்பார். நீங்கள் எழுதும் பதிலில் ஆள் எங்கே பயப்படுவார், எங்கே விட்டுவிட்டு ஓடுவார் என்று பாருங்கள். அந்த இடத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள். மற்ற இடங்களில் குறைத்துக்கொள்ளலாம்.

கடைசி வரியும் முக்கியம். பதில் பலிக்காவிட்டால் அடுத்து என்ன என்று சொல்லாத பதில், ஆளைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போகிறது.

எங்கே வைப்பது

யூஸ்நெட் என்கிற பழைய இணைய விவாதக் குழுக்களின் காலத்திலேயே இந்தத் தலைவலி இருந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் அமெரிக்கக் கல்லூரிகளில் சேரும் புது மாணவர்கள் மொத்தமாக வந்து அதே கேள்விகளைக் கேட்பார்கள்; பிறகு வருஷம் முழுக்கவே புதியவர்கள் வரத் தொடங்கியதால், 1993இல் தொடங்கிய செப்டம்பர் இன்னும் முடியவில்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அங்கே பதிவுகள் கொஞ்ச நாளில் அழிந்துவிடும் என்பதால், அடிப்படைக் கேள்விகளையும் பதில்களையும் தொகுத்துக் குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டே இருந்தார்கள். வாட்ஸ்அப் குழு நடத்துகிறவர்கள் அதையே செய்யலாம். அங்கே பின் செய்த (மேலே நிறுத்தி வைத்த) மெசேஜ் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். மாதம் பிறந்ததும் மறுபடி பின் செய்ய ஒருவருக்குப் பொறுப்புக் கொடுத்துவிடுங்கள்.

டெலிகிராமில் பின் நிரந்தரமாக நிற்கும், குழுவைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கவும் முடியும். ஆனால் பின் செய்துவிட்டால் எல்லோரும் பார்த்துவிடுவார்கள் என்று நம்ப வேண்டாம். அரவேணு பக்கத்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஃபோனோடு கடைக்கு வந்தார். ‘ஏம்மா, பின் பண்ணியிருக்கோம் பாருங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, எங்க பாக்கறது?’ திரையின் மேலே பட்டை இருந்தது. அதில் ஒரே ஒரு வரி: ‘அனைவருக்கும் வணக்கம், நம் குழுவின் விதி…’ அதோடு வெட்டுப்பட்டிருந்தது. அதைத் தொட்டால் விரியும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பின் செய்யும் மெசேஜின் முதல் வரியில் வணக்கம் வைக்காதீர்கள். எங்களுடையது இப்போது ‘நெட், தமிழ், அப்டேட் பிரச்சினையா? இங்கே தொடுங்கள்’ என்று தொடங்குகிறது. விதிகள் அடியில் போய்விட்டன. விதிகளைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கிற மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை.

நீளமான பதில்களை அரட்டைக்கு வெளியே ஒரு பக்கத்தில் வைத்து, குழுவில் லிங்க் மட்டும் கொடுப்பது நல்லது. திருத்த வேண்டியிருந்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். ஏற்கெனவே தமிழில் நன்றாக எழுதப்பட்டது இருந்தால் புதிதாக எழுதவும் வேண்டாம். கணியம் தளத்தில் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். பதிப்பு பழையதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஆட்கள் கேட்கத்தான் செய்வார்கள். பஸ் ஸ்டாண்டில் பலகை தொங்கினாலும் ‘அண்ணா, மேட்டுப்பாளையம் வண்டி எப்போ?’ என்று பக்கத்தில் நிற்பவரைத்தானே கேட்கிறோம். அதில் தப்பில்லை. பலகை சரியாக இருந்தால் பதில் சொல்பவருக்கு வேலை சுலபம், அவ்வளவுதான்.

பதில் சொல்லும் முறை

முதலில் பதில், அப்புறம் லிங்க். ‘பிராட்காம் டிரைவர் பிரச்சினை மாதிரி இருக்கு. ஃபோனை கேபிள்ல போட்டு நெட் எடுத்து டிரைவர் போடலாம். முழு விவரம் இங்கே.’ இரண்டே வரி. வெறும் லிங்க்கைத் தூக்கிப் போட்டால், தன் கேள்வியை யாரும் படிக்கவே இல்லை என்று அவருக்குத் தோன்றும். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும்.

‘கூகுள் பண்ணுங்க ப்ரோ’ என்று யாரையும் எழுத விடாதீர்கள். மரியாதைக் குறைவு என்பதோடு நிற்பதில்லை. அடுத்த மாதம் இன்னொருவர் அதே பிரச்சினையைத் தேடும்போது அவர் கண்ணில் படுவது கேள்வியும் அதன் அடியில் ‘கூகுள் பண்ணுங்க’வும்தான். தேடி வந்தவரையே தேடப் போகச் சொல்கிறோம்.

திரும்பக் கேட்ட கேள்வியை அழிக்கவும் வேண்டாம். ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் 2008இல் தொடங்கிய, புரோகிராமர்களுக்கான கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில், திரும்பக் கேட்ட கேள்வியை மூடிவிட்டு, முதலில் கேட்ட கேள்வியின் லிங்க்கை அதன் தலையில் ஒட்டுவார்கள். கேள்வி பெரும்பாலும் அப்படியே நிற்கும். மூடுகிற தோரணை பற்றி அங்கே பலருக்கும் மனத்தாங்கல் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் யோசனை சரியானது. ஒவ்வொரு தடவையும் வேறு சொல்லில் கேட்கப்பட்ட கேள்வி, அதே சொல்லில் தேடப்போகும் அடுத்தவருக்கு வழிகாட்டும் கல். அதற்கு ஒரு லிங்க்கைக் கட்டிவிட்டு விட்டுவிடுங்கள்.

தகவல் போதவில்லை என்றால் மூன்றே மூன்று கேளுங்கள்: என்ன லேப்டாப், மின்ட்டில் எந்தப் பதிப்பு, திரையில் என்ன எழுதியிருக்கிறது. திரையை ஃபோனில் படம் பிடித்து அனுப்பினால் சிலர் திட்டுகிறார்கள், எழுத்தாக ஒட்டவில்லை என்று. பூட்டே ஆகாத எந்திரத்திலிருந்து அவர் எழுத்தை எப்படி ஒட்டுவார்? படம் போதும். தெளிவாக இல்லையென்றால், ‘ஃபோனைக் குறுக்கே பிடிச்சு, கடைசிப் பத்து வரி மட்டும் தெரியற மாதிரி இன்னொண்ணு எடுங்க’ என்று சொல்லுங்கள்.

கேட்ட கேள்விக்குப் பின்னால் வேறு கேள்வி இருக்கும், அதையும் கவனிக்க வேண்டும். ‘லாக் ஃபைலை எப்படி டெலீட் பண்றது?’ என்று அடிக்கடி வரும். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு கட்டளையில் முடிகிற கேள்வி. உண்மையில் நடந்தது என்னவென்றால், லேப்டாப் ஆன் ஆனதும் பின்னணியில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் இவர் எதையோ நிறுவப் பார்த்தார். ‘லாக் கிடைக்கவில்லை’ என்று பிழை வந்தது; ஒரே நேரத்தில் இரண்டு நிறுவல் ஓடாமல் பூட்டி வைப்பதுதான் இந்த லாக். எங்கோ படித்துவிட்டு லாக் கோப்பை அழிக்கக் கிளம்பிவிட்டார். வேலை ஓடும்போது அதை அழித்தால் நிறுவிய மென்பொருள்களின் கணக்கே குழம்பிப் போகலாம். சரியான பதில்: பத்து நிமிடம் காத்திருங்கள், டீ குடியுங்கள், அப்புறமும் அப்படியே இருந்தால் ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். பழைய பதில்களில் ‘டெலீட் பண்ணுங்க’ என்று இருந்தால் தேடிப் பிடித்துத் திருத்துங்கள். தப்பான பதில் கிடைப்பதைவிடப் பதில் கிடைக்காமல் இருப்பதே மேல்.

இப்போது ஏஐயிடம் கேட்டுவிட்டு வருகிறவர்களும் நிறைய. அதைக் குற்றமாகப் பேச ஒன்றுமில்லை, ராத்திரி இரண்டு மணிக்குப் பதில் சொல்ல நாம் விழித்திருக்கப் போவதில்லை. ஆனால் வேறு பதிப்புக்கான கட்டளைகளை அது கொடுத்து, இவர் வரிசையாக ஓட்டி, இல்லாத பிரச்சினை இரண்டு கூடச் சேர்ந்திருக்கும். ‘இதுவரை டெர்மினலில் என்னென்ன அடிச்சீங்க?’ என்று கேளுங்கள். கட்டளை அடிக்கிற அந்தச் சாளரத்தில் ஹிஸ்டரி என்று அடித்தால் பட்டியல் வரும், அதை அனுப்பச் சொல்லுங்கள். இதைக் கேட்கும் தொனியில் விசாரணை வாடை வந்தால் அவர் பாதியை மறைத்துவிடுவார்.

தனியாக மெசேஜ் அனுப்பிக் கேட்பவர்கள்

குழுவில் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் தனியாகக் கேட்பவர்கள் உண்டு, முக்கியமாகப் பெண் பிள்ளைகள். குழுவில் ஒரு கேள்வி போட்டால் பத்துப் பேர் ‘ஹாய்’ அனுப்புவான் என்கிற பயம். பயம் நியாயமானதுதான். டெலிகிராம் பிரைவசி செட்டிங்ஸில் ஃபோன் நம்பரை யாருக்கும் காட்டாதபடி வைக்கலாம் என்று முதலில் அதைச் சொல்லிக்கொடுப்பேன். அப்புறம், ‘உன் பேர் போடாமல் இந்தக் கேள்வியை நானே குழுவில் போடட்டுமா?’ என்று கேட்டு, சரி என்றால் அங்கே போட்டு, அங்கேயே பதில் சொல்வேன். தனி அறையில் சொன்ன பதில் ஒருவரோடு நின்றுவிடும். மறுநாள் அதையே இன்னொரு பெண் தனியாக வந்து கேட்பாள்.

புதியவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இந்தத் தனி மெசேஜில்தான். குழுவில் ஒருவர் ‘அவசரம், ஹெல்ப் பண்ணுங்க’ என்று எழுதியதும், அட்மின் படத்தையே வைத்துக்கொண்டு எவனாவது உள்ளே வருவான். எனிடெஸ்க் (தூரத்திலிருந்தே உங்கள் எந்திரத்தை இயக்க விடும் ஆப்) போடச் சொல்வான், ஓடிபி கேட்பான். பின் செய்த மெசேஜில் கொட்டை எழுத்தில் போடுங்கள்: அட்மின் யாரும் தானாகத் தனி மெசேஜ் அனுப்ப மாட்டார்கள், எந்த ஆப்பையும் போடச் சொல்ல மாட்டார்கள், பணம் கேட்க மாட்டார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் மெதுவாக நடக்கலாம். இது மட்டும் இன்றைக்கே.

காலாவதியும், எழுத ஆளும்

ஒவ்வொரு பதிலின் மேலேயும் எந்தப் பதிப்புக்கு, எந்த மாதம் சரிபார்த்தது என்று இருக்கட்டும். மின்ட்டுக்கு அடித்தளமான உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகிறது; மின்ட்டின் புதுப் பெரிய பதிப்பு அதன் மேல் கட்டப்பட்டுச் சில மாதம் கழித்து வரும். 2024 ஏப்ரலில் உபுண்டு 24.04, ஜூலையில் மின்ட் 22. அந்த நேரத்தில் ஏழெட்டுப் பதிலையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் போதும், வருஷம் முழுக்கக் காவல் காக்க வேண்டியதில்லை.

ஓட்டிப் பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நல்ல ஆள் யார் தெரியுமா? போன வாரம் சிக்கி, இந்த வாரம் சரிசெய்தவர். அவருக்கு எங்கே தடுக்கியது என்பது இன்னும் நினைவிருக்கும். தமிழ் தட்டச்சுக்கான எங்கள் பதிலை எழுதியது கூடலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர். தமிழில் தட்ட உதவும் ஐபஸ், எம்17என் மென்பொருள்களை நிறுவியாகிவிட்டது, தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்தாகிவிட்டது, இருந்தும் தட்டினால் ஆங்கிலமே வருகிறது என்று இரண்டு நாள் புலம்பியவர். லாக்அவுட் செய்து உள்ளே வரும்வரை அது எடுத்துக்கொள்ளவில்லை. பழைய ஆட்கள் எழுதிய எந்தக் குறிப்பிலும் அந்த ஒரு வரி இல்லை. அவர்களுக்கு அது கைப்பழக்கமாகிவிட்டது. அதனால் யாராவது ‘சரியாயிடுச்சு, தேங்க்ஸ்’ என்று எழுதினால் அதோடு விடாதீர்கள். ‘எப்படிச் சரியாச்சு, ரெண்டு வரி எழுதுங்க’ என்று பிடித்துக்கொள்ளுங்கள். வெறும் ‘சரியாயிடுச்சு’வால் அடுத்தவருக்கு எந்தப் பயனும் இல்லை, எரிச்சல்தான்.

பதில் சொல்கிறவர்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவரே நாள் முழுக்கப் பதில் சொன்னால் மூன்றாவது மாதம் எரிந்து விழ ஆரம்பிப்பார். கிழமை பிரித்துக்கொள்ளுங்கள். குழுவில் மெசேஜ் வேகம் தாங்கவில்லை என்றால் ஸ்லோ மோடு (ஒருவர் இடைவெளி விட்டுத்தான் அடுத்த மெசேஜ் போட முடியும்) போட்டுவிடலாம். ராத்திரி ஒருவர் மேலே உருட்டிப் பார்த்து, பதிலே வராமல் போன கேள்விகளைப் பொறுக்கி மறுபடி மேலே கொண்டுவந்தால், அது பெரிய உதவி. கேட்டுவிட்டு யாரும் கண்டுகொள்ளாமல் போனவர் சத்தமில்லாமல் குழுவை விட்டு வெளியேறிவிடுவார், உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

தீர்வு இல்லாத கேள்விக்கும் ஒரு பக்கம் வேண்டும். ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம் எங்கு போனாலும் இருக்கிற கேனான் எல்பிபி 2900 பிரிண்டர் எங்கள் குழுவின் தீராத வழக்கு. அதற்கென்று கேனான் தரும் கேப்ட் டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒருவருக்கு ஓடும், அதையே செய்த இன்னொருவருக்கு ஓடாது. முன்பெல்லாம் ஆளாளுக்கு ஒரு கட்டளை கொடுத்து, கடை வைத்திருப்பவர் ஒருவரின் ஒரு நாள் வியாபாரத்தையே கெடுத்துவிடுவார்கள். இப்போது அந்தப் பக்கத்தில் நேராகவே எழுதியிருக்கிறோம்: ‘இது மின்ட்டில் ஓடும் என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது. வீட்டில் எப்போதாவது பிரிண்ட் எடுப்பவர் என்றால் முயன்று பாருங்கள், வழி கீழே. தினமும் பிரிண்ட் எடுத்துப் பிழைப்பவர் என்றால், பிரிண்டர் மாட்டியிருக்கிற கம்ப்யூட்டரை மட்டும் விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள்.’ அந்தப் பக்கம் வந்த பிறகு எல்பிபி 2900 பற்றிக் கேட்பவர்கள் குறையவில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் பதிலோடு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.